கடந்த முப்பது நாட்களில்

எங்கள் கூடம் முன்பு நடுநிலைப் பள்ளியாக இருந்தது. ஆறாம் வகுப்பில் மட்டும் 'எஃப்' பிரிவு வரை உண்டாம். பூட்டுவதற்கு முந்தைய வருடம் பள்ளி முழுவதற்கும் பதினோரு பிள்ளைகள், ஒன்பது ஆசிரியர்கள். பிறகு சுண்ணாம்பு அடித்து, 'ஒரு நாள் வீடு, திருப்பூர் வடக்கு' என்று பலகை மாட்டினார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. கை கழுவும் குழாய்கள் இன்னும் தொடை உயரத்தில்தான். வருகிறவர்களோ அறுபதும் எழுபதுமாக இருக்கிறார்கள். குனிந்து கழுவிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள். குழாயை உயர்த்தித் தரச் சொல்லி மூன்று முறை எழுதினேன். ஆள் இல்லை என்று மூன்று முறை பதில் வந்தது.

எதற்கும் இப்போது அந்தப் பதில்தான். பனியன் கம்பெனியில் ஆள் இல்லை, பஸ் ஓட்ட ஆள் இல்லை, பந்தி பரிமாற ஆள் இல்லை. பந்தியில் உட்காரவும் ஆள் இல்லை. ஓய்வு வயதை எழுபதாக ஏற்றியது எங்கள் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. எனக்கு அறுபத்திரண்டு. இங்கே சரிபார்ப்பு அலுவலர். பெயர் தாரணி. என் வகுப்பில் நாலு ஹரிணி, மூன்று ப்ரீத்தி, இரண்டு தாரணி இருந்தோம். இப்போது முதியோர் பட்டியலைத் திறந்தால் அதே பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. "எல்லாம் சுத்தப் பாட்டி பேருங்க தாரணிம்மா" என்று சுபாஷிணி கேலி செய்வாள். சுபாஷிணி சாஹு இங்கே மிஷினை இயக்குகிறவள். அவளுடைய தாத்தா ஒடிசாவிலிருந்து தையல் வேலைக்கு வந்தவர். அவளுக்கு ஒடியாவில் பத்து வரை எண்ணத் தெரியாது. என்னைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவாள்.

வருகிறவரை மிஷினில் உட்கார வைத்து, அவருடைய பழைய வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வர விடுவதுதான் எங்கள் வேலை. அது எப்படி நடக்கிறது என்று சொல்ல, போன மாதம் வந்து சத்தம் போட்ட ஒரு பெரிய மனிதரின் கதையே போதும்.

"எங்கப்பா எக்ஸ்போர்ட்டருங்க. பன்னெண்டு கார் நின்ன வீடு. உள்ள போயி உக்காந்தா ரசமும் மோரும் இருக்குது. வேற ஒண்ணையும் காணோம். உங்க மிஷின்ல கோளாறு" என்றார் அவர்.

சுபாஷிணி படிவத்தைத் திறந்து காட்டினாள். "ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணாம் வருசம் ஊருல இருந்த எல்லா வீட்டுக்கும் போயிக் கேட்டாங்கல்லங்க சார், 'கடந்த முப்பது நாட்களில் உங்கள் வீட்டில் என்னென்ன எவ்வளவு செலவானது'ன்னு. முந்நூத்திப் பதினோரு பொருளு. அதுல உங்கப்பா சொன்னது இது. ரெண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி மோருஞ்சோறு. காரு எத்தனைன்னா இல்லைன்னு இருக்குது. கேட்டைக்கூடத் தொறக்காம வெளிய நிக்க வெச்சே சொல்லி அனுப்பியிருக்காருங்க."

"அது வரிக்குப் பயந்து சொன்னதும்மா!"

"மிஷினுக்கு வரியெல்லாம் தெரியாதுங்க. சோப்பு எத்தனைன்னு பாத்துக் குளிக்க வெக்கும், கேஸ் எத்தனைன்னு பாத்துச் சமைக்க வெக்கும். ரேசன் கார்டு போட்டோவுல மொகம், பழைய போன் பதிவுல குரலு. சொன்னத வெச்சுத்தான் வீடு கட்டும்."

"இன்னொருக்கா பாக்க முடியாதுங்களா?"

"ஆளுக்கு ஒரே தடவைதானுங்க சார். ஒரே ஒரு நாளு."

அவர் போய்விட்டார். அவரைவிடப் பெரிய பணக்காரர்கள் எங்களிடம் வருவதே இல்லை. கடை பில்லெல்லாம் சேர்ந்து கிடக்கிற வீடுகளுக்குத் தனியார் கூடங்கள் இருக்கின்றன. அங்கே மல்லிகைப் பூ முதல் நாய்க்குப் போட்ட பிஸ்கட் வரை எல்லாம் வரும். ஒரு நாள் என்ன, ஒரு வருடமே பார்க்கலாம். இல்லாதவர்களுக்கு அரசு, ஆளுக்கு ஒரு நாள். அதுவும் தனியாக வாழ்கிறவர்களுக்கு மட்டும். இந்த ஊரில் ஐந்து வீட்டுக்கு இரண்டு வீடு ஒற்றை ஆள் வீடு என்பதால் எங்களுக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை.

நானும் ஒற்றை ஆள்தான். எனக்குரிய நாளை நான் எப்போதோ பார்த்து முடித்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

முப்பத்தொன்றாம் வருடம் வீடு வீடாகப் போய்க் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இருபத்திநாலு வயது, தற்காலிக வேலை, கையில் படிவங்கள் ஏற்றிய ஒரு டேப், தலையில் ஒரு துணித் தொப்பி. ஒரு நாளைக்கு நாலு வீடு முடிக்க வேண்டும். என் வட்டாரத்தில் என் வீடும் இருந்தது. சொந்த வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம், 'உளுந்து எத்தனை கிலோ, கடுகு எத்தனை கிராம்' என்று யாராவது கேட்பார்களா? எனக்குத் தெரியாதா என்ன? பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் நிரப்பினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், பால். மீதி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று ஒரே தட்டில் தட்டி அனுப்பிவிட்டேன். முப்பத்தாறு வருடம் கழித்து இந்த மிஷின் நாற்காலியில் உட்கார்ந்து அதன் பட்டையைத் தலையில் மாட்டினால், என் அம்மா ஒரு காலி அடுப்படியில் நின்று சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை இல்லை, கடுகு இல்லை. அப்பா படிக்கிற பேப்பர் இல்லை. பேப்பர் இல்லாததால் அப்பாவுக்கு உட்கார இடமும் தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தார். மிஷினில் ஒரு நாள் என்பது நாற்பது நிமிடம். தாளிக்கிற சத்தம்கூட இல்லாத வீட்டில் அந்த நாற்பது நிமிடமும் இருந்துவிட்டு வந்தேன். ஊரார் வீட்டையெல்லாம் கேட்டேன், என் வீட்டை மட்டும் கேட்கவில்லை. அன்று இரண்டு மணி நேரம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதேன். சுபாஷிணிக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் அவள் கேலி செய்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு படிவத்தை என் மேசைக்கு அனுப்பினாள்.

"இது பொருந்த மாட்டேங்குதுன்னு மிஷினு சொல்லுதுங்க தாரணிம்மா. சாயப்பட்டறைக் கூலி, ஒரே ரூமு, அஞ்சு பேரு. ஆனா தினம் ஒரு லிட்டர் பாலு, வாரம் ரெண்டு வாட்டி மீனு, புள்ளைகளுக்கு ஆப்பிளு. கேஸ் செலவப் பாத்தா இத்தனையும் சமைச்சிருக்கவே முடியாது. நீங்கதான் பாத்துச் சொல்லோணும்."

படிவத்தின் அடியில் கணக்கெடுத்தவர் எண் இருந்தது. 4417. என் எண்.

மனுதாரர் பெயர் நிகிலன், வயது நாற்பத்தேழு, மின்தூக்கி மெக்கானிக், தனியாக வாழ்கிறார். தாய் பெயர் சுகந்தி. முகவரியைப் பார்த்ததுமே எனக்கு நாக்கில் கசந்தது. அந்தக் கசப்பு வரக்காப்பியின் கசப்பு.

அந்த வீடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே காம்பவுண்டில் ஆறு வீடுகள், ஒரே குழாய். சித்திரை வெயில். குழாயடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆறு வீட்டையும் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தார். நான் எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தாலும் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதுவரை என்னிடம் கணக்குச் சொன்ன மூன்று வீட்டுப் பெண்களையும், "ஏனுங்க, அவ்வளவுதானா திங்கறீங்க?" என்று கேட்டுச் சிரித்திருந்தார்.

நாலாவது வீடு சுகந்தி அக்காவுடையது. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. என்னை உட்கார வைத்து டம்ளரில் வரக்காப்பி கொடுத்தார். பால் சேர்க்காத, பேருக்குக் கொஞ்சம் வெல்லம் போட்ட காப்பி. நான் கேட்க ஆரம்பித்தேன். அரிசி, பருப்பு வரை சரியாகத்தான் போயிற்று.

"பால் எவ்வளவுங்கக்கா?"

சுகந்தி அக்கா குழாயடியைப் பார்த்தார். "தினம் ஒரு லிட்டரு."

நான் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். அவரும் அந்த டம்ளரைத்தான் பார்த்தார்.

"எழுதிக்க கண்ணு. ஒரு லிட்டரு" என்றார் இன்னும் சத்தமாக. பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. முட்டை தினம் நாலு. மீன் வாரம் இரண்டு முறை, கட்லா. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஆப்பிள். முந்திரி கால் கிலோ. வீட்டுக்காரம்மா நாற்காலியை மறுபடியும் பழைய பக்கமே திருப்பிக்கொண்டார்.

பயிற்சியின்போது எங்களுக்கு ஒரே ஒரு விதியைத்தான் மண்டையில் ஆணி அடித்தாற்போல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 'சொன்னதை எழுது, கண்டதை எழுதாதே.' நான் எழுதினேன்.

கடைசிப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வரி உண்டு. யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு. கணவர் மூன்று வேளை, கொழுந்தனார் மூன்று வேளை, மகன், மகள் மூன்று வேளை. எல்லாருக்கும் பாலும் மீனும் சொன்னார்.

"உங்களுக்குங்கக்கா?"

அவர் திகைத்துப்போனார். மற்ற எல்லாருக்கும் பொய் தயாராக இருந்தது, தனக்கு மட்டும் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. "எனக்கென்ன கண்ணு... இருக்கறத..." என்று இழுத்து, பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். கட்டத்தைக் காலியாக விட்டால் டேப் அடுத்த பக்கம் போகாது. நான் வெளியில் நின்றபடி நானே எழுதினேன்: மூன்று வேளை, மற்றவர்களுக்கு உள்ள அதே பங்கு. அவர் சொல்லாததை நான் எழுதிய ஒரே இடம் அதுதான்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கை வைத்தே ரேஷன் கார்டுகளை மாற்றினார்கள். சுகந்தி அக்கா வீட்டுக்கு இலவச அரிசி நின்றுபோனது. அந்த ஒரு லிட்டர் பால் அவர்களுடைய முப்பத்தைந்து கிலோ அரிசியைக் குடித்துவிட்டது. தாலுகா ஆபீஸ் வராண்டாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, அன்னைக்கு நாஞ் சொன்னதக் கொஞ்சம் மாத்தி எழுத முடியுமா?" என்று கேட்டார். "அனுப்பியாச்சுங்கக்கா, இப்ப என் கையில இல்ல" என்றேன். உண்மைதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் வேகமாகப் படியிறங்கிய வேகம் இருக்கிறதே, அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

இப்போது அந்தப் படிவம் திரும்பவும் என் கைக்கு வந்திருக்கிறது. பொய் என்று தெரிந்த படிவத்தை அனுமதிக்கக் கூடாது என்பது விதி. பொய் நினைவை ஊட்டினால் அலுவலரின் வேலை போகும். தள்ளுபடி செய்தால் மனுதாரருக்கு 'சராசரி வீடு' கிடைக்கும். அந்த வருடத்துக் கூலிக் குடும்பங்களை எல்லாம் கூட்டி வகுத்துச் செய்த வீடு அது. அதில் நாலே கால் பேர் இருப்பார்கள். அந்தக் கால் பேர் யார் என்று பார்த்தவர் யாரும் இதுவரை சொன்னதில்லை. சொந்த முகம் ஒன்றும் இருக்காது. சுகந்தி அக்காவின் மகனுக்கு வாழ்நாளில் கிடைக்கிற ஒரே நாள் அப்படிப் போய்விடும். அனுமதித்தாலோ, அவர் வாழாத ஒரு வீட்டுக்கு அவரை அனுப்ப வேண்டும். அங்கே பாலும் மீனும் இருக்கும், அவருடைய வீடு இருக்காது. என் வீட்டை நான் இப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். இன்னொருவர் வீட்டையும் கெடுப்பதா?

நேரில் மூன்று கேள்வி கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று அவரை வரச் சொன்னேன்.

வியாழக்கிழமை வந்தார். நெற்றி ஏறிப்போன, கொஞ்சம் கூச்சம் பிடித்த மனிதர். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் நீட்டிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எப்படித் தெரியும்? முப்பத்தெட்டு வருடம்.

"வீட்ல யாரெல்லாம் இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அப்பா, அம்மா, சித்தப்பா, நானு, தங்கச்சி மித்ரா. இப்ப மித்ரா நியூசிலாந்துல இருக்குதுங்க. மத்தவங்க ஒருத்தரும் இல்லீங்க. எனக்குக் கல்யாணம் ஆகுலீங்க. தங்கச்சிக்குக் கொழந்தை இல்லீங்க. அஞ்சு பேரு பொரண்டு படுக்க எடமில்லாத வீடுங்க அது. இப்ப மூணு ரூமு, நா ஒருத்தன்."

"பால் வாங்குவீங்களா?"

"தினம் ஒரு லிட்டருங்க" என்றார், கேள்வி முடிவதற்குள்.

"மீன்?"

"முட்டை நாலுங்க. அப்புறம் மீனு வாரம் ரெண்டு வாட்டி, கட்லா. ஆட்டுக்கறி மாசம் ஒரு கிலோங்க. அப்புறம் ஆப்பிளு, ஆளுக்கு ஒண்ணு. வாழப்பழம் ஒரு சீப்பு. முந்திரி கால் கிலோ, திராட்ச நூறு கிராமு."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார். எனக்குச் சுரீர் என்றது. பழைய சாப்பாட்டை நினைவுபடுத்திச் சொல்கிறவர்கள் இப்படிச் சொல்வதில்லை. பண்டிகையைச் சொல்வார்கள், பிடித்ததைச் சொல்வார்கள், நடுவில் சிரிப்பார்கள். இவர் சொன்னது படிவத்தின் வரிசை. பாலுக்குப் பின் முட்டை, முட்டைக்குப் பின் மீன். படிவத்தை மனுதாரருக்கு நாங்கள் காட்டுவதில்லை.

மூன்றாவது கேள்வியை நான் மாற்றிக் கேட்டேன். "வரக்காப்பி குடிப்பீங்களா வீட்ல?"

அவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது படிவத்துல இல்லீங்களே" என்றார் மெதுவாக.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் தள்ளுபடி செய்ய வேண்டும். சரிபார்ப்புக் குறிப்பைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, "எந்த நாள் வேணும்?" என்றேன்.

"எதாச்சும் ஒரு ஞாயித்துக்கெழமைங்க."

சுபாஷிணி அவரை அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டையை மாட்டினாள். பழைய ஆறாம் வகுப்பு 'சி' பிரிவு அறை. கரும்பலகை இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்து அறையில் சின்னத் திரையில் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு மணமும் சூடும் எல்லாம் வரும், எனக்கு வெறும் படமும் குரலும்.

ஆறு மணி. ஒற்றை அறை. பாயில் மூன்று பேர், வாசலுக்குக் குறுக்கே சித்தப்பா. அப்பா எழுந்து உட்கார்ந்தார். சாயத்தில் ஊறி அவர் நகமெல்லாம் நீலமாக இருந்தது. ஸ்டவ்வில் பால் பொங்கியது. சுகந்தி அக்கா நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தார். ஐந்து டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றினார். நாலு டம்ளரை நாலு பேருக்குக் கொடுத்தார். ஐந்தாவதைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தார். மேலுதட்டில் பாலாடை ஒட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

அந்த ஐந்தாவது டம்ளர் நான் எழுதியது.

மத்தியானம் மீன் குழம்பு. ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுகந்தி அக்காவும் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன், எல்லாரும் எழுந்த பிறகு சட்டியை வழித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் அம்மாக்கள். ஆனால் 'கடைசியில் சாப்பிட்டார்' என்று எழுதப் படிவத்தில் கட்டமே கிடையாது. அதனால் மிஷினுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. பங்கு சமம் என்று எழுதியிருந்தது, சமமாக வைத்துவிட்டது. நடுத்துண்டு ஒன்று சுகந்தி அக்கா தட்டில் இருந்தது. சித்தப்பா ஏதோ சொல்ல, மித்ரா புரையேறிச் சிரித்தாள். சுகந்தி அக்கா இடது கையால் அவள் தலையைத் தட்டிக்கொண்டே முள் எடுத்துச் சாப்பிட்டார். அவசரமே இல்லாமல் சாப்பிட்டார்.

"தாரணிம்மா, அவரு நெஞ்சுத்துடிப்பு ஏறுதுங்க. நிறுத்தட்டுங்களா?" என்று சுபாஷிணி கேட்டாள்.

"வேண்டாம், சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றேன்.

நாற்பது நிமிடம் முடிந்து வெளியே வந்தவர் நேராகக் குழாய்க்குப் போனார். மற்றவர்கள் மாதிரி குனியவில்லை. குந்தி உட்கார்ந்து, இரண்டு கையிலும் தண்ணீர் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டார். அந்தக் குழாய் அவருக்கு மட்டும் சரியான உயரத்தில் இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நிகிலன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப நீங்க பாத்தது நெசம் இல்ல. அந்தப் படிவத்த எழுதினது நான்தான். உங்கம்மா சொன்னாங்க, நான் எழுதிட்டேன். பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தார்.

"எனக்கும் தெரியுமுங்க. நா கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். அம்மா ஆப்பிளுன்னு சொன்னப்போ எனக்கு எச்சில் ஊறிப்போச்சுங்க."

"தெரிஞ்சுமா இந்த நாளைக் கேட்டீங்க?"

"அன்னைக்குச் சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா சொல்லுச்சுங்க, 'அந்தப் புள்ள வரக்காப்பியக் குடிச்சுட்டு, தினம் ஒரு லிட்டர் பாலுன்னு எழுதிட்டுப் போகுது, ஒரு வார்த்தை கேக்கலையே'ன்னு. நாங்க சிரிச்ச சிரிப்பு காம்பவுண்டுக்கே கேட்டிருக்கும். அதுக்கப்புறம் எங்களுக்கு அது ஒரு வெளையாட்டுங்க. கம்மஞ்சோறு திங்கறப்ப சித்தப்பா கேக்கும், 'கடந்த முப்பது நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள்?'னு உங்கள மாதிரியே. நானும் மித்ராவும் வரிசையாச் சொல்லோணும். பாலு, முட்டை, மீனு, ஆப்பிளு. ஒண்ணு மாத்திச் சொன்னாத் தோத்தமாதிரி. போன வாரம்கூட மித்ரா போன்ல கேட்டுச்சு, நாஞ் சொன்னேன், அது தப்புக் கண்டுபிடிச்சுச்சு. திராட்சைய விட்டுட்டேனாம்."

அதனால்தான் வாய்ப்பாடு.

"கார்டு போச்சே" என்றேன். அது என் வாயில் இத்தனை வருடம் இருந்தது.

"போச்சுங்க. ஆறு மாசம் உங்களைத் திட்டுச்சுங்க எங்கம்மா. நல்லாவே திட்டுச்சு." அவர் அதைப் பூசி மெழுகவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "அந்த வருசம் பட்டினிதானுங்க. நாங்க பட்ட பட்டினிய நா மறக்குல. அதப் பாக்க மிஷினு எதுக்குங்க? கண்ண மூடுனா வருது. இது வேற. எங்கம்மா வாழ்க்கைல எங்களுக்கு வெச்ச ஒரே விருந்துங்க இது. வாயிலயே வெச்சுச்சு. ஒரு வாட்டி உக்காந்து சாப்பிடலாம்னு வந்தேன்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் சரி செய்துகொண்டார். கிளம்புவார் என்று நினைத்தேன், ஆனால் நின்றார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலீங்க. அம்மா சொன்ன எல்லாமே எனக்கு மனப்பாடம். அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, எங்களுக்குன்னு சொல்லுச்சு. தனக்குன்னு ஒண்ணுமே சொல்லுல, எந்திரிச்சு உள்ள வந்துருச்சு. எங்கிட்டத்தான் வந்து நின்னுச்சு, கண்ணத் தொடச்சுட்டு. அதனால நாலு டம்ளருதான் இருக்கும்னு நெனச்சுத்தான் போனேன். அஞ்சு இருந்துச்சு. எங்கம்மா பாலு குடிச்சு நா பாத்ததே இல்லீங்க. கடைசி நாள்ல ஆஸ்பத்திரில குடுத்தப்பக்கூட, 'உனக்கு?'ன்னு கேட்டுச்சு. எப்பிடிங்க வந்துச்சு அந்த அஞ்சாவது டம்ளரு?"

"மிஷின் கணக்குல வந்திருக்கும்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனிதரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"நான் எழுதினேன். கட்டத்தைக் காலியா விட்டா டேப் நகராது. அதனால எழுதினேன்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. நெடுநேரம் விடவில்லை. எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது, அந்தக் காலி அடுப்படியும், நின்றுகொண்டே இருந்த அப்பாவும். என் பெற்றோருக்கு ஒரு கடுகு எழுத மனம் வராத அதே விரல்தான் முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்கு ஒரு டம்ளர் பால் எழுதியிருக்கிறது. அழுகையும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் மறைக்கவில்லை.

அவர் போன பிறகு உள்ளே வந்தேன். சுபாஷிணி எல்லாவற்றையும் ஜன்னலில் நின்று கேட்டிருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஒரு டம்ளர் காப்பி ஊற்றி வைத்திருந்தாள். திரையில் அந்தப் படிவம் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"இத முடிக்கோணுமுங்க தாரணிம்மா. 'பொருந்தவில்லை'ன்னு நிக்குது. சரிபார்ப்புல என்னன்னு போடட்டும்? மேல கேட்டா உங்க வேலைதான் போகும், பாத்துக்கங்க."

நான் காப்பியை ஒரு வாய் குடித்தேன். பால் சேர்த்திருந்தாள்.

"சொன்னதை எழுதும்மா" என்றேன். "பால், தினம் ஒரு லிட்டர். ஐந்து பேர். சரி."